டிரைவே சொல்லிவிடுமா?

கோவை, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் என்று எந்த ஊர் ஆலைக்குள் நுழைந்தாலும் மின்பராமரிப்புப் பிரிவில் ஒரு நம்பிக்கை சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. டிரைவ் ட்ரிப் ஆனால் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என்ன கோளாறு என்று அதுவே திரையில் காட்டிவிடும். கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, அந்தக் குறியீட்டுக்கு நேரே போட்டிருப்பதைச் செய்தால் வேலை முடிந்தது. செய்தும் திரும்ப வந்தால் டிரைவ் போய்விட்டது. கழற்றிவிட்டு வேறு போடு. விற்க வருகிறவர் இப்படித்தான் சொல்கிறார். மேலாளர் இதை நம்புகிறார். புதிதாகச் சேரும் ஐடிஐ பையனும் வந்த வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறான்.

இதை நான் மறுக்கிறேன். ஃபால்ட் குறியீடு பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்லாததையும் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். மோட்டாரின் வேகத்தை அலைவெண்ணை மாற்றிக் கூட்டிக் குறைக்கும் இந்தப் பெட்டிக்கு, தன் நான்கு சுவருக்குள் நடந்தது மட்டுமே தெரியும். கோளாறோ பெரும்பாலும் அந்தச் சுவருக்கு வெளியே இருக்கிறது. மோட்டாரில், கேபிளில், பெல்ட்டில், பஞ்சில், யார்டில் நிற்கும் டிரான்ஸ்பார்மரில். பெட்டி எழுதிக் காட்டுவதையே காரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால் நல்ல டிரைவ்கள் குப்பைக்குப் போகின்றன. கெட்ட மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

டிரைவுக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் ஒரு கணக்குப் போடுவோம். சாதாரணமாக மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை அளக்க இரண்டோ மூன்றோ உணரிகள். உள்ளே ஏசியை டிசியாக்கித் தேக்கி வைக்கும் டிசி பஸ்ஸின் வோல்ட்டேஜை அளக்க ஓர் ஏற்பாடு. ஹீட்சிங்க்கின் சூட்டை அளக்க ஒன்றிரண்டு தெர்மிஸ்டர். பெரும்பாலான டிரைவ்களில் அவ்வளவுதான். கையேட்டில் நூறு குறியீடுகள் அச்சாகியிருக்கலாம். மெமரி, கம்யூனிகேஷன் சமாச்சாரங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மோட்டாரையும் சப்ளையையும் பற்றிப் பேசும் குறியீடுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்று அளவுகளிலிருந்து பிழிந்தெடுத்தவை.

மிட்சுபிஷி டிரைவில் ஓசி1, ஓசி2, ஓசி3 என்று மூன்று குறியீடுகள் உண்டு. பார்ப்பவருக்கு மூன்று தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றும். மூன்றுக்கும் அளவு ஒன்றுதான்: கரண்ட் எல்லையைத் தாண்டியது. வேகம் ஏறும்போது தாண்டினால் 1, ஒரே சீராக ஓடும்போது தாண்டினால் 2, இறங்கும்போது தாண்டினால் 3. இதையே சீமென்ஸ் மைக்ரோமாஸ்டர் 440 எஃப்0001 என்று எழுதும். ஏபிபி ஏசிஎஸ்550 வெறும் 1 என்று எழுதும். டான்ஃபாஸ் அலாரம் 13 என்று காட்டும். எழுத்துதான் மாறுகிறது. ஏன் தாண்டியது என்ற கேள்வி எல்லாக் கம்பெனிப் பெட்டியிலும் விடையில்லாமல்தான் நிற்கிறது.

இதைவிட நல்ல சான்று 'இன்புட் ஃபேஸ் லாஸ்' என்ற குறியீடு. யாஸ்காவாவில் பிஎஃப் என்று வரும். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரோடு போய் ஆர், எஸ், டி முனைகளைப் பார்க்கிறார். 415, 413, 416. "மூணு ஃபேசும் ஜம்முனு இருக்குதுங்க, டிரைவ்தான் தப்பாக் காட்டுது" என்று வந்து நிற்கிறார். அவர் பார்த்ததும் சரி, டிரைவ் பார்த்ததும் சரி. ஏனென்றால் பெரும்பாலான டிரைவ்கள் உள்ளே வரும் ஃபேஸ்களை நேரடியாக அளப்பதே இல்லை. டிசி பஸ்ஸில் எழும் அலைச்சலை, ரிப்பிள் என்பார்களே, அதைப் பார்க்கின்றன. ஒரு ஃபேஸ் அறுந்தால் ரிப்பிள் கூடும். ஆகவே ரிப்பிள் கூடினால் ஃபேஸ் அறுந்திருக்கும் என்று தலைகீழாக ஊகிக்கின்றன. ஆனால் ரிப்பிள் கூட வேறு வழிகளும் உண்டு. மூன்று ஃபேஸுக்கும் இடையே வோல்ட்டேஜ் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். லக் லூஸாக இருந்து, கரண்ட் போகும்போது மட்டும் அங்கே வோல்ட்டேஜ் விழலாம். மெஷின் நின்ற பிறகு மீட்டர் வைத்தால் 415 காட்டத்தான் செய்யும். அல்லது டிசி பஸ் கெபாசிட்டர்கள் வயதாகி, அலைச்சலை அடக்கும் சக்தி இழந்திருக்கலாம். அப்போது மூன்று ஃபேசும் உண்மையிலேயே ஜம்மென்று இருக்கும். திரை சப்ளையைக் குறை சொல்லும். கோளாறு பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கும்.

அடுத்தது ஓவர் வோல்ட்டேஜ். கையேட்டுப் பக்கத்தை மட்டும் நம்புகிறவர்கள் இடறி விழுவது அதிகமும் இங்கேதான்.

415 வோல்ட் சப்ளையை ரெக்டிஃபையர் டிசியாக்கினால் பஸ்ஸில் சுமார் 560 முதல் 590 வோல்ட் நிற்கும். 400 வோல்ட் ரக டிரைவ்கள் பலவும் அது 800ஐத் தாண்டியதும் ட்ரிப் ஆகின்றன. கையேடு சொல்லும் முதல் பரிகாரம் எல்லோருக்கும் மனப்பாடம்: டிசெலரேஷன் நேரத்தைக் கூட்டு. காரணமும் நியாயமானதுதான். சுற்றிக்கொண்டிருக்கும் கனமான விசிறியைச் சட்டென்று நிறுத்தப் பார்த்தால் மோட்டார் ஜெனரேட்டராகி, அந்த ஆற்றலைத் திருப்பி பஸ்ஸுக்குள் தள்ளும். சாதாரண டிரைவின் ரெக்டிஃபையர் டயோடு அதை லைனுக்குத் திருப்பி அனுப்பாது. போக்கிடம் இல்லாமல் வோல்ட்டேஜ் ஏறும்.

இப்போது ஒரு நூற்பாலையின் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டை எடுத்துக்கொள்வோம். சப்ளை ஃபேன் டிரைவ் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு ஓவர் வோல்ட்டேஜில் நிற்கிறது. டிசெலரேஷன் 20 வினாடியாக இருந்ததை 40 ஆக்குகிறார்கள். மறுநாளும் நிற்கிறது. 90 ஆக்குகிறார்கள். அதற்கடுத்த நாளும் நிற்கிறது. பிரேக்கிங் ரெசிஸ்டர் வாங்கலாமா என்று பேச்சு எழுகிறது. அதற்குள் யாராவது ஒருவர் டிரைவின் ஃபால்ட் மெமரியைத் திறந்து பார்த்திருந்தால், ட்ரிப் ஆன நொடியில் ஃபேன் 38 ஹெர்ட்ஸில் சீராக ஓடிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். வேகம் இறங்கவே இல்லை. இறங்காத வேகத்துக்கு இறங்கும் நேரத்தைக் கூட்டி என்ன பயன்?

காரணம் ஊருக்கு வெளியே இருக்கலாம். காலையில் லோடு ஏறும்போது துணைமின் நிலையத்தில் கெபாசிட்டர் பேங்க்கை உள்ளே போடுவார்கள். போடும் அந்த நொடியில் லைனில் சில நூறு ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு துள்ளல் எழும். அலையின் உச்சம் வழக்கத்தைவிடக் கணிசமாக உயரும். பவர் ஃபாக்டர் அபராதத்துக்குப் பயந்து ஆலைக்குள் நாமே வைத்திருக்கும் கெபாசிட்டர் பேனல் அந்தத் துள்ளலை இன்னும் பெரிதாக்கவும் கூடும். உச்சம் உயர்ந்தால் டயோடு வழியாக பஸ் அதுவரை சார்ஜ் ஆகும். நிறைய லோடு எடுக்கும் டிரைவ் அதை விழுங்கிவிடும். லேசான லோடில் ஓடும் டிரைவ் ட்ரிப் ஆகும். இதற்குப் பரிகாரம் டிரைவின் முகப்பில் ஒரு 3 சதவீத லைன் சோக். அது கையேட்டிலும் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முதலில் "எத்தனை மணிக்கு? எத்தனை ஹெர்ட்ஸில்? பக்கத்து டிரைவும் நின்றதா?" என்று கேட்க வேண்டும். திரை இந்தக் கேள்விகளைக் கேட்காது.

ஒரே குறியீட்டின் பின்னால் மூன்றாவது ஆளும் ஒளிந்திருக்கலாம். பகலில் வோல்ட்டேஜ் விழுகிறது என்று டிரான்ஸ்பார்மர் டேப்பை உயர்த்தி வைத்திருப்பார்கள். ராத்திரி சுற்றுவட்டாரத்தில் லோடு குறைந்ததும் சப்ளை 450ஐத் தொடும். பஸ் 636க்குப் போய் நிற்கும். ட்ரிப் எல்லைக்கும் அதற்கும் இருந்த இடைவெளியில் ஒரு பங்கு அப்போதே போய்விட்டது. அதன் பிறகு சின்ன டிசெலரேஷன்கூட எல்லையைத் தாண்டிவிடும். பகல் ஷிப்ட்டில் நல்ல பிள்ளையாக ஓடும் டிரைவ் ராத்திரி ஷிப்ட்டில் மட்டும் ஏன் மக்கர் செய்கிறது என்று யோசிக்காமல், ராத்திரி ஷிப்ட் எலக்ட்ரீஷியனுக்கு வேலை தெரியாது என்று முடிவு கட்டுகிற ஆலைகளும் உண்டு.

ஓவர் கரண்ட்டுக்கு வருவோம். இந்தக் குறியீட்டை டிரைவ் எந்த நிலையில் எழுதுகிறது என்று தெரிந்தால், அதனிடம் காரணம் கேட்பது எவ்வளவு அநியாயம் என்று புரியும். டிரைவின் உயிர் ஐஜிபிடியில் இருக்கிறது. சென்னையில் பிறந்து ஐஐடி மெட்ராஸில் படித்த ஜெயந்த் பாலிகா 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கிய அந்தக் குறைகடத்தி இல்லாமல் இன்றைய டிரைவ் இல்லை. அவுட்புட்டில் நேரடி ஷார்ட் விழுந்தால் அது தாங்கும் நேரம் சுமார் 10 மைக்ரோ வினாடி. அதற்குள் கண்டுபிடித்து அணைத்தாக வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். ஷார்ட் விழுந்த நொடியில் டிரைவ் செய்வது தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்வது. ஆராய்ச்சி செய்ய அதற்கு நேரம் ஏது? அணைத்துவிட்டு, எந்த எல்லை தாண்டியது என்று ஒரு வரி எழுதி வைக்கிறது. அந்த வரியை நாம் மருத்துவ அறிக்கை போல வாசிக்கிறோம்.

அதே ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டில் இரண்டு ஃபேன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது. நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஓடும் ஃபேனின் காற்று திரும்பி வந்து அதைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். டேம்பர் சரியாக மூடாத இடங்களில் இது அன்றாடக் காட்சி. இப்போது ஸ்டார்ட் கொடுத்தால், எதிர்த் திசையில் சுற்றும் ஃபேனை டிரைவ் பூஜ்யத்திலிருந்து ஓட்டப் பார்த்து, சில ஹெர்ட்ஸிலேயே ஓவர் கரண்ட்டில் விழும். கையேடு சொல்லும்: ஆக்சிலரேஷன் நேரத்தைக் கூட்டு, டார்க் பூஸ்ட்டைக் குறை. இரண்டும் இங்கே உதவாது. டேம்பரைச் சரிசெய்ய வேண்டும். அல்லது சுற்றும் மோட்டாரைப் பிடித்து ஓட்டும் ஃப்ளையிங் ஸ்டார்ட் வசதியை, அந்த டிரைவ் எதிர்த் திசையிலும் தேடுமா என்று பார்த்து, இயக்கிவிட வேண்டும். ஒரு டார்ச் லைட்டோடு போய் ஃபேன் ஷாஃப்ட்டைப் பார்த்தவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிவது, திரையின் முன் நிற்பவருக்கு ஒரு வாரம் ஆனாலும் தெரியாது.

ஓவர் கரண்ட் எத்தனை ஹெர்ட்ஸில் வந்தது என்ற ஒற்றை எண்ணே பாதி வேலையை முடித்துவிடும். ஸ்டார்ட் கொடுத்த கணமே, அரை ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் கேபிள், மோட்டார் வைண்டிங், ஐஜிபிடி என்று தேடலாம். அப்போது கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிட்டு, வி/எஃப் முறையில் டிரைவை வெறுமனே ஓட்டிப் பார்த்தாலே கோளாறு உள்ளேயா வெளியேயா என்று பிரிந்துவிடும். 18, 20 ஹெர்ட்ஸ் வரை ஏறி விழுந்தால் லோடைப் பார்க்க வேண்டும்: இறுகிய பேரிங், சிக்கிய பெல்ட், போதாத ஆக்சிலரேஷன். மணிக்கணக்காக நன்றாக ஓடி, திடீரென்று விழுந்தால் அவுட்புட் பக்கம் யாராவது கான்டாக்டர் வைத்து, அது ஓட்டத்தின் நடுவே திறந்து மூடுகிறதா என்று பார்க்கலாம். குறியீடு மூன்றுக்கும் அதே ஓசி. தேட வேண்டிய இடம் மூன்றும் வெவ்வேறு.

இதுவரை சொன்னவை நேரத்தையும் பணத்தையும் வீணாக்கும் தவறுகள். ஓவர்லோடு விஷயத்தில் நடப்பது அதைவிட மோசம்.

'மோட்டார் ஓவர்லோடு' என்று திரை காட்டும்போது, மோட்டார் சூடாகிவிட்டதை டிரைவ் தொட்டுப் பார்த்துச் சொல்வதாகவே பலரும் நினைக்கிறார்கள். வைண்டிங்கில் தெர்மிஸ்டர் பதித்து அதை டிரைவோடு இணைத்திருந்தாலொழிய அதற்கு மோட்டாரின் சூடு தெரியாது. நாம் அடித்துக் கொடுத்த ரேட்டட் கரண்ட்டை வைத்துக்கொண்டு, எவ்வளவு கரண்ட் எவ்வளவு நேரம் போனது என்று கணக்குப் போட்டு, இந்நேரம் சூடாகியிருக்கும் என்று எழுதுகிறது. அந்தக் கணக்கு நாம் கொடுத்த எண்ணைப் பொறுத்தே சரியாகவோ தப்பாகவோ இருக்கும். 22 கிலோவாட் மோட்டார் எரிந்து, கைக்குக் கிடைத்த 18.5 கிலோவாட் மோட்டாரை மாட்டிவிட்டு, பாராமீட்டரை மாற்றாமல் விட்டால், மோட்டார் வெந்துகொண்டிருக்கும்போதும் டிரைவ் எல்லாம் நலம் என்றுதான் காட்டும். குறியீடு வரவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது.

இதன் மறுபக்கம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். ஓவர்லோடு அடிக்கடி வருகிறது. உற்பத்தி நிற்கிறது. யாரோ ஒருவர் பாராமீட்டருக்குள் போய் மோட்டார் கரண்ட்டை 40லிருந்து 48 ஆக்கிவிடுகிறார். ட்ரிப் நின்றுவிடுகிறது. "சரி பண்ணியாச்சுங்க" என்று மேலே தகவல் போகிறது. சரிசெய்யப்பட்டது டிரைவின் வாய். லோடு அப்படியே இருக்கிறது. சில மாதங்களில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்குப் போகிறது. போகும்போது அது தனிக் கணக்கில் எழுதப்படும்: "மோட்டார் பழசு, எரிந்துவிட்டது." ஓவர்லோடு குறியீட்டையும் எரிந்த வைண்டிங்கையும் ஒரே கதையாகக் கோர்த்துப் பார்க்க அந்த ஆலையில் யாரும் இருக்க மாட்டார்கள். குறியீடுதான் பிரச்சினை என்று நம்புகிறவருக்கு, குறியீடு மறைந்தால் பிரச்சினை தீர்ந்தது. இந்த நம்பிக்கை இயல்பாகவே கொண்டுபோய் விடும் இடம் இதுதான்.

ஹீட்சிங்க் சூடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சு பறக்கும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஃபில்டரையும் ஹீட்சிங்க் இடுக்கையும் பஞ்சு அடைத்தால் சூடு ஏறும். சுத்தம் செய்தால் இறங்கும். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ட்ரிப் ஆகும் சூட்டுக்குச் சற்றே கீழே வருஷக்கணக்காக ஓடும் டிரைவ் எந்தக் குறியீட்டையும் காட்டாது, ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். பிறகு ஒரு நாள் 'ஃபேஸ் லாஸ்' என்றோ 'அண்டர் வோல்ட்டேஜ்' என்றோ வந்து நிற்கும். அன்று பஞ்சை யாரும் நினைக்க மாட்டார்கள்.

எர்த் ஃபால்ட்டில் ஓர் எச்சரிக்கை மட்டும். வாராந்தர விடுமுறைக்குப் பிறகு, மழைக்காலத்தில், கூலிங் டவர் ஃபேன் முதல் ஸ்டார்ட்டிலேயே எர்த் ஃபால்ட் காட்டினால் டெர்மினல் பாக்ஸுக்குள் இறங்கிய ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மெக்கர் எடுத்துப் பார்ப்பது சரியான வழி. ஆனால் கேபிளை டிரைவிலிருந்து கழற்றாமல் 500 வோல்ட் மெக்கரைப் போட்டால், வெளியே இருந்த கோளாறை உள்ளே கொண்டுவந்து விட்டதாக முடியும். கழற்றுவதற்கு முன் சப்ளையை அணைத்து, கையேடு சொல்லும் நேரம், டிரைவின் அளவைப் பொறுத்து 5 முதல் 15 நிமிடம் வரை, காத்திருந்து, டிசி பஸ் முனைகளில் மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டியவர்கள் மின்சாரத்திடம் மாட்டியிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. கூலிங் ஃபேன் நின்றுவிட்டது, மெமரி கெட்டுவிட்டது, பிஎல்சியோடு தொடர்பு அறுந்தது, தெர்மிஸ்டர் வயர் பிய்ந்தது போன்ற குறியீடுகளில் திரை சொல்வதே ஏறக்குறைய விடை. அவற்றை நம்பித்தான் ஆக வேண்டும். கையேட்டில் காரணங்களை வரிசைப்படுத்தி எழுதிய பொறியாளர்களும் விவரம் தெரிந்தவர்கள். என் சண்டை கையேட்டோடு இல்லை. கையேடு ஏழெட்டுக் காரணங்களைச் சொல்கிறது. முதல் வரியோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறவரோடுதான் சண்டை.

உற்பத்தி என்ற வாதமும் உண்டு. ஒரு ரிங் ஃபிரேம் நின்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள் நிற்கும், நூல் அறும், மறுபடி ஓட்டி, அறுந்ததையெல்லாம் பிணைக்க ஆள் வேண்டும். அந்த நேரத்தில் நின்று ஆராய முடியுமா, ரீசெட் போட்டு ஓட்ட வேண்டாமா என்கிறார்கள். நெருக்கடி உண்மையானது. ஆனால் ஃபால்ட் மெமரியில் நான்கு எண்களைப் பார்த்து எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்துவிட்டு அதே ஃபிரேமை வாரம் முழுக்க நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது எந்த ஊர்க் கணக்கு? ரீசெட்டிலும் ஆபத்து இருக்கிறது. ஸ்டார்ட் சிக்னல் உள்ளே இருக்கும்போது ரீசெட் அழுத்தினால் பல டிரைவ்களில் மோட்டார் அந்த நொடியே ஓடத் தொடங்கும். பெல்ட்டில் யார் கை இருக்கிறது என்று டிரைவுக்குத் தெரியாது. ஷார்ட் சர்க்யூட் குறியீட்டில் மூன்று முறை ரீசெட் போடுகிறவர், ஐஜிபிடியை மூன்று முறை அதே ஷார்ட்டுக்குள் தள்ளுகிறார். முதல் முறை தப்பித்தது மூன்றாம் முறையும் தப்பிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆட்டோ ரீசெட்டை இயக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

புதிய டிரைவ்களைக் காட்டியும் வாதிடுகிறார்கள். திரையில் கியூஆர் கட்டம் வருகிறது. போனில் பிடித்தால் விளக்கம் வருகிறது. புளூடூத்தில் பாராமீட்டர் இறங்குகிறது. இனி அனுபவசாலி தேவையில்லை என்கிறார்கள். போனில் வருவது அதே கையேட்டின் அதே பக்கம். புத்தகத்தைத் தேடும் நேரம் மிச்சம். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் உணரிகள் கூடவில்லையே? விளக்கம் எவ்வளவு அழகாக வந்தாலும் ஃபேன் பின்பக்கம் சுற்றுவதை அது பார்க்கவில்லை. டிரைவால் மோட்டாருக்கு வரும் சில கேடுகளுக்குக் குறியீடே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளமான கேபிளின் மறுமுனையில் துடிப்புகள் எதிரொலித்து, பஸ் வோல்ட்டேஜின் இரு மடங்குக்கு அருகில் ஏறி வைண்டிங் இன்சுலேஷனைக் குத்திக்கொண்டிருக்கும். ஷாஃப்ட் வழியாகப் பாயும் கரண்ட் பேரிங்கின் ஓடுபாதையில் வரிவரியாகத் தழும்பு போட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் நடந்துகொண்டிருக்கும்போது திரை பச்சையாகவே இருக்கும். பேரிங்கின் சத்தத்தைக் காதால் கேட்கிற ஆள் இல்லாத ஆலைக்கு எந்தக் கியூஆர் கட்டமும் துணைக்கு வராது.

எதிர்த்தரப்பின் கடைசிச் சீட்டு இது: "டிரைவை மாத்தினோம், ஃபால்ட் போயிருச்சு. அப்ப டிரைவ்தானே கெட்டிருக்கணும்?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிரைவை மாற்றும்போது டிரைவ் மட்டுமா மாறுகிறது? பழைய லக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கி மாட்டுகிறோம். பேனலில் அடைந்திருந்த பஞ்சை ஊதி எடுக்கிறோம். புது டிரைவில் கெபாசிட்டர் புதிது. பல பாராமீட்டர்கள் கம்பெனி கொடுத்த எண்ணிலேயே இருக்கின்றன. ஆக்சிலரேஷனும் டிசெலரேஷனும் பழையதைவிட நீளமாக இருக்கக்கூடும். இத்தனையும் ஒரே நாளில் மாறியிருக்க, புகழ் முழுவதையும் பெட்டிக்குக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? கழற்றிய டிரைவைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பஸ் முழுக்க இறங்கிய பிறகு, டயோடு நிலையில் வைத்து, பஸ்ஸின் இரு முனைகளுக்கும் யு, வி, டபிள்யூ முனைகளுக்கும் இடையே பார்த்தால், ஐஜிபிடி ஷார்ட் ஆகியிருந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். ஆறு இடத்திலும் ஒரே மாதிரி ரீடிங் வந்தால் பவர் பகுதி பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் 'டிரைவ் போச்சு' என்று எழுதுகிறார்கள். ஸ்டோர்ஸில் வருஷக்கணக்கில் கிடந்த ஸ்பேரை, கெபாசிட்டரை மெல்ல மெல்ல வோல்ட்டேஜ் கொடுத்துத் தயார்ப்படுத்தாமல், நேராக 415இல் போட்டு, அதையும் வெடிக்க வைத்து, "இந்தக் கம்பெனி டிரைவே சரியில்லை" என்று தீர்ப்பும் எழுதுகிறார்கள்.

இந்தப் பழி எலக்ட்ரீஷியன் மேல் மட்டும் விழக்கூடாது. பல ஆலைகளின் பிரேக்டவுன் நோட்டில் ஓர் உள்ளீட்டுக்கு ஒதுக்கிய இடமே ஒரு வரிதான். "4ஆம் நம்பர் ஃபிரேம், டிரைவ் ட்ரிப், ரீசெட், ஓகே." நிர்வாகம் கேட்பது அவ்வளவு, அவரும் அவ்வளவே எழுதுகிறார். எத்தனை நிமிடம் நின்றது என்று கேட்கும் மேலாளர், எத்தனை ஹெர்ட்ஸில் நின்றது என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால், அதைப் பார்த்து வைக்கும் பழக்கம் கீழே தானாக வந்திருக்கும். கேட்காத கேள்விக்கு யாரும் பதில் தயார் செய்து வைப்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை சின்னது, செலவில்லாதது. டிரைவ் மாற்ற வேண்டும் என்று இண்டென்ட் வந்தால் அதில் குறியீட்டோடு சேர்த்து ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும்: ட்ரிப் ஆன நேரம், அப்போதைய அவுட்புட் ஹெர்ட்ஸ், அவுட்புட் ஆம்பியர், டிசி பஸ் வோல்ட்டேஜ், ஹீட்சிங்க் சூடு. கடைசி நான்கையும் பெரும்பாலான டிரைவ்கள் தாமே பதிந்து வைத்திருக்கின்றன. பதியாத சின்ன டிரைவ் என்றால், ஓடும்போது பார்த்துக் குறித்த எண்கள் போதும். கூடவே, கேபிளைக் கழற்றிவிட்டு டிரைவைத் தனியாக ஓட்டிப் பார்த்ததில் என்ன நடந்தது என்று ஒரு வரி. இவை இல்லாத இண்டென்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த எண்களைத் தேடிப் போகும் வழியிலேயே பல இண்டென்ட்டுகள் தேவையற்றுப் போய்விடும்.